ஆத்தாவின் கீமோவை நிறுத்திவிட்டு ஜெல் மருந்துக்குக் காத்திருக்கலாமா?

கேள்வி: டாக்டர் அம்மாவுக்கு வணக்கம். தேவகோட்டைப் பக்கம் எங்கள் ஊர். நான் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறேன். ஆத்தாவுக்கு வயது 58. மார்பில் கட்டி என்று மதுரையில் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். அக்குளில் எடுத்த நெறிகளில் மூன்றில் நோய் இருந்ததாம். இப்போது சிவப்பு மருந்து கீமோ, நான்கு சுற்றில் இரண்டு முடிந்திருக்கிறது. மூன்றாவது சுற்று அடுத்த வாரம். முடி முழுக்கக் கொட்டிவிட்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் நான்கு நாள் வாந்தி. சோறு இறங்கவில்லை. "எனக்கு இது போதும்டா, விட்டுரு" என்கிறார்கள். அமெரிக்காவில் இருக்கும் என் மச்சான் ஒரு செய்தி அனுப்பினான். பெப்டைடு ஜெல்லில் கீமோ மருந்தை வைத்துக் கட்டி இருக்கும் இடத்திலேயே விட்டுவிடுகிறார்களாம், உடம்புக்குக் கெடுதல் இல்லையாம், சோதித்த எலிகள் நூற்றுக்கு நூறு பிழைத்தனவாம். கீமோவை நிறுத்திவிட்டு அது வரும்வரை காத்திருக்கலாமா? காரைக்குடியில் ஒருவர் பெப்டைடு ஊசியும் மஞ்சள் சத்து ஜெல்லும் தருவித்துத் தருகிறேன் என்கிறார், வாங்கலாமா? என் தங்கை அழகப்பா பல்கலைக்கழகத்தில் பயோடெக்னாலஜி எம்.எஸ்சி. படிக்கிறாள். இந்தத் துறையில் ஆராய்ச்சிக்குப் போக ஆசைப்படுகிறாள். அவளுக்கும் ஒரு வார்த்தை சொல்லுங்கள்.

பதில்: தம்பி, மூன்றாவது சுற்று அடுத்த வாரம் என்று எழுதியிருப்பதால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்த வேண்டாம். குறித்த தேதியில் ஆத்தாவை அழைத்துப் போகச் சொல்லுங்கள். வாந்தியைக் குறைக்க இன்றைக்கே வழி இருக்கிறது, அதைக் கீழே விவரமாக எழுதுகிறேன். பெப்டைடு ஜெல் நல்ல விஞ்ஞானம்தான். அதன் மேல் எனக்கும் நிறைய நம்பிக்கை உண்டு. ஆனால் அது தீர்க்க வந்த பிரச்சினை வேறு, உங்கள் ஆத்தாவின் பிரச்சினை வேறு.

ஆத்தாவின் கட்டியை எடுத்தாகிவிட்டது. அப்புறம் எதற்குக் கீமோ? அக்குளில் மூன்று நெறிகளில் நோய் இருந்தது என்றீர்களே, அதற்காகத்தான். கட்டியிலிருந்து சில செல்கள் கிளம்பி அதுவரை போய்ச் சேர்ந்திருக்கின்றன. அங்கே போனவை இரத்தத்திலும் கலந்து எலும்பிலோ ஈரலிலோ நுரையீரலிலோ ஒன்றிரண்டாகத் தங்கியிருக்கலாம். எந்த ஸ்கேனிலும் அவ்வளவு சின்னது தெரியாது. இன்றைக்கு விட்டுவிட்டால் மூன்று வருஷம், ஐந்து வருஷம் கழித்து முதுகு வலி என்றோ மூச்சு வாங்குகிறது என்றோ வந்து நிற்கும். எங்கே இருக்கின்றன என்று தெரியாத செல்களைத் தேடிப் போக வேண்டுமென்றால், மருந்து இரத்தத்தோடு உடம்பு முழுக்கச் சுற்றித்தான் ஆக வேண்டும்.

ஜெல்லின் பெருமையே மருந்தை வைத்த இடத்தை விட்டு நகரவிடாமல் பிடித்து வைப்பது. கட்டியே இல்லாத உங்கள் ஆத்தாவுக்கு அதை எங்கே வைப்பது? மார்பில் வைத்தால் மார்பில் இருக்கும். எலும்பில் ஒரு செல் ஒளிந்திருந்தால் அது தன்பாட்டுக்கு வளரும். அந்த ஜெல் நாளைக்கே மதுரைக்கு வந்துவிட்டாலும் ஆத்தாவுக்கு நான் இதே கீமோவைத்தான் எழுதிக் கொடுப்பேன்.

இந்தச் சிவப்பு மருந்தின் பெயர் டாக்சோரூபிசின். கூடவே சைக்ளோபாஸ்ஃபமைடும் ஏற்றியிருப்பார்கள். நான்கு சுற்று முடிந்தபின் பாக்லிடாக்சல் வரும். இந்த வகை மருந்துகளை ஆபரேஷனுக்குப் பிறகு முறையாகக் கொடுத்தால், கீமோ எதுவும் கொடுக்காதவர்களோடு ஒப்பிடும்போது மார்பகப் புற்றுநோயால் வரும் மரணம் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைகிறது. ஆயிரக்கணக்கான பெண்களைப் பத்து வருஷம் தொடர்ந்து கவனித்துக் கண்டது இது. எலியில் பார்த்ததல்ல, நம் ஆத்தாக்கள், அக்காக்கள் போன்ற மனுஷிகளிடம் பார்த்தது. பாதியில் விட்டவர்களுக்கு இந்தப் பலன் முழுசாகக் கிடைக்காது.

சரி, இப்போது மச்சான் அனுப்பிய விஷயத்துக்கு வருகிறேன். அவர் அக்கறையோடுதான் அனுப்பியிருக்கிறார். சும்மா ஒதுக்கித் தள்ளுகிற செய்தியும் இல்லை அது. அதனால் கொஞ்சம் நிதானமாகவே எழுதுகிறேன், தங்கையும் சேர்ந்து படிக்கட்டும்.

நாம் சாப்பிடும் பருப்பிலும் முட்டையிலும் உள்ள புரதம் அமினோ அமிலங்களின் நீண்ட சங்கிலி. அதே சங்கிலி குட்டையாக, இரண்டு முதல் சில பத்து அமினோ அமிலங்களோடு இருந்தால் அது பெப்டைடு. பாலில் உறை ஊற்றினால் என்ன நடக்கிறது? புளிப்பு ஏற ஏறப் பாலில் தனித்தனியாக மிதந்த புரதங்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு வலையாகின்றன. தண்ணீர் எங்கும் போகவில்லை, அந்த வலைக்குள் நின்றுவிடுகிறது. கட்டித் தயிரும் பெரும்பாலும் தண்ணீர்தான், ஆனால் சட்டியைச் சாய்த்தால் ஓடுவதில்லை. பெப்டைடு ஜெல்லும் இதே வேலைதான். ஒரு வித்தியாசம், எந்த அமினோ அமிலத்துக்குப் பக்கத்தில் எது வர வேண்டும் என்று மனிதன் எழுதிவைத்துச் செய்யும் தயிர் இது.

1990களின் தொடக்கத்தில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஷுகுவாங் ஜாங் என்பவர் ஈஸ்டின் புரதம் ஒன்றை ஆராய்ந்துகொண்டிருந்தார். அதில் ஒரு துண்டு, நீரை விரும்பும் அமினோ அமிலமும் நீரை விலக்கும் அமினோ அமிலமும் மாறி மாறி வரும்படி அமைந்திருந்தது. அதைத் தனியே செய்து உப்புக் கரைசலில் விட்டபோது தானாகவே இழை இழையாகப் பின்னிக்கொண்டது. அந்த வழியில் வந்ததுதான் ராடா16. ஆர்ஜினின், அலனின், ஆஸ்பார்ட்டிக் அமிலம், அலனின் என்ற நாலும் நாலு முறை வரும், மொத்தம் பதினாறு. கொஞ்சம் புளித்த தண்ணீரில் தெளிவாகக் கரைந்து கிடக்கும். உடம்புக்குள் போய் நம் இரத்தத்தின் உப்பைத் தொட்டதும் ஜெல்லாகிவிடும். இழையின் கனம் சுமார் பத்து நானோமீட்டர் (ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகப் பிரித்தால் ஒரு பங்குதான் நானோமீட்டர்). நூறு பங்கு ஜெல்லில் பெப்டைடு ஒன்றிரண்டு பங்கு இருந்தால் போதும், மீதி தண்ணீர். எண்டோஸ்கோபி செய்யும்போது குடலில் கசியும் இரத்தத்தை நிறுத்த இந்த ராடா16 ஜெல் பல நாடுகளில் இன்றைக்கு நடைமுறையில் இருக்கிறது. அதாவது பெப்டைடு ஜெல்லை மனித உடம்பில் வைக்கலாமா என்ற கேள்விக்கு ஓரளவு பதில் கிடைத்துவிட்டது. அதில் கீமோ மருந்தை ஏற்றுவதுதான் பாக்கி இருக்கிற கஷ்டமான வேலை.

டெலாவேர் பல்கலைக்கழகத்தில் ஜோயல் ஷ்னைடரும் டேரின் போக்கனும் செய்த மேக்ஸ் வகைப் பெப்டைடுகள் இன்னொரு சௌகரியத்தைக் கொடுத்தன. இருபது அமினோ அமிலம், நடுவில் ஊக்கு மாதிரி ஒரு மடிப்பு. சிரிஞ்சுக்குள் இருக்கும்போதே அது ஜெல். பிஸ்டனை அழுத்தும்போது அந்த அழுத்தத்தில் இளகி ஊசி வழியாக ஓடுகிறது. ஊசிமுனையை விட்டு வெளியே வந்ததும் வந்த இடத்திலேயே மறுபடி இறுகிக்கொள்கிறது, வழிந்து பரவுவதில்லை. கத்தி வைக்க முடியாத இடத்தில் இருக்கும் கட்டிக்குள் ஊசியால் மருந்தைக் கொண்டுபோய் வைக்க இது எவ்வளவு உதவும் என்று பாருங்கள்.

இனி சிக்கல். கட்டித் தயிரில் கரண்டியால் ஒரு வெட்டு வெட்டி வைத்தால் கொஞ்ச நேரத்தில் அந்தக் குழியில் தண்ணீர் கோத்துக்கொள்கிறதே, அதுபோல ஜெல்லும் தன்னுள் இருப்பதை விட்டுவிடும். ஜெல்லின் வலைக்கண் பல பத்து நானோமீட்டர் அகலம். டாக்சோரூபிசின் மூலக்கூறு ஒன்றிரண்டு நானோமீட்டர்தான். சும்மா கலந்துவைத்தால் முதல் நாளிலேயே பெரும்பகுதி வெளியே வந்துவிடும். இரண்டு வாரத்துக்குச் சீராக வர வேண்டிய மருந்து ஒரே நாளில் கொட்டினால் அந்த ஜெல்லால் என்ன பயன்?

அதனால்தான் மருந்தைப் பெப்டைடோடு ஒரு ரசாயனப் பிணைப்பால் கட்டிவிடுகிறார்கள். கட்டியைச் சுற்றி அமிலத்தன்மை சற்றுக் கூடுதல். புளிப்பை அளக்கும் எண் பி.எச்., அது குறையக் குறையப் புளிப்பு அதிகம்; இரத்தத்தின் பி.எச். 7.4 என்றால் கட்டிக்குள் 6.5 முதல் 6.9 வரை இறங்கும். அந்தப் புளிப்பில் மட்டும் அறுந்துபோகிற பிணைப்பு ஒரு வகை. புற்றுநோய்ச் செல்கள் பக்கத்துத் திசுவைக் குடைந்து முன்னேறச் சுரக்கும் என்சைம்கள் இருக்கின்றன. அவை வெட்டினால் மட்டும் மருந்து விடுபடுவது இன்னொரு வகை. நோய் தன் வேலைக்காகச் சுரப்பதையே மருந்தின் சாவியாக ஆக்கியிருக்கும் இந்த யோசனை எனக்கு மிகவும் பிடித்தது.

ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் ஹோங்காங் சுய் என்பவரின் குழு இன்னும் ஒரு படி மேலே போனது. மருந்தை வலைக்குள் அடைப்பதற்குப் பதிலாக, மருந்து மூலக்கூறே தானாகப் பின்னிக்கொண்டு வலையாகும்படி மாற்றினார்கள். 2023-ல் அவர்கள் பாக்லிடாக்சலை இப்படி ஜெல்லாக்கி, நோய் எதிர்ப்புச் செல்களைத் தட்டி எழுப்பும் ஓர் ஆன்டிபாடியையும் அதில் சேர்த்து, மூளைக்கட்டியை அறுத்தெடுத்த எலிகளின் மூளைக்குழியில் நிரப்பினார்கள். அத்தனை எலிகளும் பிழைத்தன. மச்சான் அனுப்பிய நூற்றுக்கு நூறு அநேகமாக இதுவாகத்தான் இருக்கும். உண்மையான முடிவு, நல்ல முடிவு. ஆனால் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். அது மூளைக்கட்டி. இரத்தத்தில் போகும் மருந்தை மூளைக்குள் எளிதில் விடாத தடுப்பு ஒன்று இயற்கையாகவே இருக்கிறது. கிளியோபிளாஸ்டோமா என்ற இந்த வகை மூளைக்கட்டி, அறுத்தெடுத்தாலும் பெரும்பாலும் அறுத்த விளிம்பிலிருந்து இரண்டு சென்டிமீட்டருக்குள்ளேயே மறுபடி முளைக்கும், மார்பகப் புற்றுநோய் மாதிரி எலும்புக்கும் ஈரலுக்கும் ஓடுவது அபூர்வம். அங்கே ஜெல் வைப்பதற்கு முழு அர்த்தம் இருக்கிறது. இரண்டாவது, எலியின் மூளை ஒரு நிலக்கடலைப் பருப்பு அளவுதான். அங்கே சில மில்லிமீட்டர் பரவினாலே மருந்து முழுக்கப் போய்ச் சேர்ந்துவிடும். மனித மூளையில் அந்தச் சில மில்லிமீட்டர் போதாது.

இதைப் பழைய அனுபவத்தை வைத்துத்தான் சொல்கிறேன். 1996-ல் அமெரிக்க எஃப்.டி.ஏ. கிளியாடெல் என்ற மருந்தை அனுமதித்தது. கார்மஸ்டின் என்ற கீமோ மருந்தைப் பாலிமரில் கலந்து வில்லையாகச் செய்தது அது. மூளைக்கட்டியை எடுத்த குழியில் எட்டு வில்லை வரை பதித்துவிட்டு மூடிவிடுவார்கள். திரும்பி வந்த மூளைக்கட்டி நோயாளிகளிடம் செய்த சோதனையில், வெறும் வில்லை வைத்தவர்களில் பாதிப் பேர் 23 வாரம் தாண்டி இருந்தார்கள் என்றால், மருந்து வில்லை வைத்தவர்களில் பாதிப் பேர் 31 வாரம் தாண்டி இருந்தார்கள். எட்டு வாரம் கூடியது. அந்தக் குடும்பங்களுக்கு அந்த எட்டு வாரம் பெரிது. ஆனால் நோய் குணமாகிவிடவில்லை.

இதைவிட நம் பக்கத்துக்கு நெருக்கமானது வாய்ப் புற்றுநோய். வெற்றிலையோடு புகையிலை அடக்கும் பழக்கம் நம் ஊர்களில் எவ்வளவு என்று உங்களுக்கே தெரியும். கன்னத்தின் உள்பக்கமும் நாக்கின் ஓரமும் புண்ணாகி, கழுத்தில் நெறி கட்டித்தான் பலர் வருகிறார்கள். இவர்களுக்கென்று சிஸ்பிளாட்டின் மருந்தை மாட்டுக் கொலாஜன் ஜெல்லில் கலந்து, மருந்து இரத்தத்தோடு ஓடிவிடாமல் இருக்க இரத்தக் குழாயைச் சுருக்கும் அட்ரினலினும் சேர்த்து, கட்டிக்குள்ளேயே ஊசி போட்டுப் பார்த்தார்கள். 2000களின் தொடக்கத்தில் முடிவுகள் வந்தன. வெறும் ஜெல் போட்டவர்களைவிட மருந்து ஜெல் போட்டவர்களிடம் கட்டி நன்றாகவே சுருங்கியது. ஆனால் ஊசி போட்ட இடம் புண்ணானது, சிலருக்கு இரத்தம் கசிந்தது. நோய் கழுத்தைத் தாண்டிப் போயிருந்தால் அதற்கு இந்த ஊசி ஒன்றும் செய்யவில்லை. அமெரிக்காவில் அது அனுமதி பெறவில்லை.

2020-ல் அனுமதி பெற்ற ஒரு ஜெல்லும் இருக்கிறது. குளிரில் தண்ணீராகவும் உடல் சூட்டில் ஜெல்லாகவும் மாறும் பாலிமரில் மைட்டோமைசின் மருந்தைக் கலந்து, சிறுநீர்ப் பாதையின் மேல்பகுதியில் வரும் தீவிரம் குறைந்த கட்டிகளுக்கு வாரம் ஒருமுறை, ஆறு வாரம் விடுகிறார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்குக் கட்டி முழுக்க மறைந்தது. நிறையப் பேருக்குச் சிறுநீர்க் குழாய் சுருங்கும் தொந்தரவும் வந்தது. இது பெப்டைடு ஜெல் இல்லைதான். ஆனாலும் "ஓரிடத்தில் நிற்கும் ஜெல்லில் கீமோ" என்ற யோசனை சரியான நோயாளிக்கு, சரியான இடத்தில் பலிக்கும் என்று இது காட்டியிருக்கிறது.

"உடம்புக்குக் கெடுதல் இல்லை" என்ற வார்த்தையையும் கொஞ்சம் பார்க்க வேண்டும். ஆத்தாவுக்குச் சிவப்பு மருந்து ஏற்றும்போது யாராவது கூட இருந்தால் கவனிக்கச் சொல்லுங்கள். மற்ற பாட்டில்களை மாட்டிவிட்டுப் போகும் நர்ஸ் இதற்கு மட்டும் பக்கத்திலேயே நிற்பார். ஓடிக்கொண்டிருக்கும் சலைன் குழாயின் பக்கவாயில் சிரிஞ்சை வைத்து மெல்ல மெல்ல அழுத்துவார். நடுநடுவே பிஸ்டனைச் சற்றுப் பின்னால் இழுத்து இரத்தம் வருகிறதா என்று பார்ப்பார். "எரியுதா ஆச்சி, வலிக்குதா?" என்று கேட்டுக்கொண்டே இருப்பார். காரணம், டாக்சோரூபிசின் நரம்பை விட்டு வெளியே கசிந்து சதையில் தேங்கினால் அந்த இடத்துச் சதை செத்துப்போய்ப் பெரிய புண்ணாகிவிடும். இரத்தத்தில் கலந்து நீர்த்துப் போகும்போது உடம்பு தாங்குகிற மருந்துதான், ஓரிடத்தில் தேங்கினால் இப்படிச் செய்கிறது. ஜெல்லில் வைப்பது என்றால் வேண்டுமென்றே தேக்கி வைப்பது. எவ்வளவு மருந்து, எத்தனை நாளில், எத்தனை மில்லிமீட்டர் தூரம் என்பதில் பிசகினால் கட்டியோடு சேர்ந்து பக்கத்தில் உள்ள நல்ல சதையும் போகும். ஆராய்ச்சியாளர்கள் வருஷக்கணக்கில் உழைப்பது இந்தக் கணக்கைச் சரிசெய்யத்தான்.

இப்போது காரைக்குடிக்காரர் தருவிக்கும் பெப்டைடு ஊசி. வாங்காதீர்கள் தம்பி. இதில் எனக்கு யோசனையே கிடையாது. கீமோ ஏற்றிய பெப்டைடு ஜெல் எதுவும் மருந்துக்கடையில் விற்பனைக்கு வரவில்லை. இணையத்தில் பொடியாக விற்கும் பெப்டைடு பாட்டில்களில் ஆய்வகத்துக்கு மட்டும், மனிதருக்கு அல்ல என்றே அச்சிட்டிருப்பார்கள். உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு சுத்தம், கிருமி நீக்கியதா என்பதற்கு யார் பொறுப்பு? இரண்டு சுற்றுக் கீமோவில், கிருமியோடு போராடும் வெள்ளணு இறங்கியிருக்கும் உடம்பில் சுத்தமில்லாத ஒரு ஊசி போதும், இரத்தத்தில் கிருமி பரவி ஐ.சி.யு.வில் கிடக்க நேரிடும்.

பெப்டைடு என்ற பெயரில் புற்றுநோய்க்கு முறையான மருந்துகளும் இருக்கின்றன. புராஸ்டேட் புற்றுநோய்க்குப் போடும் லூப்ரோலைடு ஒரு பெப்டைடுதான். அது தோலுக்கடியில் தேங்கி நின்று மாதக்கணக்கில் மெல்ல மெல்ல வெளிவரும். உங்களை நம்பவைக்க இந்தப் பெயரைச் சொல்வார்கள். அது வேறு நோய்க்கு, டாக்டர் சீட்டில் வருவது.

மஞ்சள் சத்துக்கும் இதே பதில்தான். குர்குமினை மேக்ஸ்8 பெப்டைடு ஜெல்லில் ஏற்றி ஆய்வகத்தில் புற்றுநோய்ச் செல்கள் மேல் விட்டுப் பார்த்தது உண்மை. குர்குமின் தண்ணீரில் கரையாது, சாப்பிட்டாலும் இரத்தத்தில் சரியாக ஏறாது, அதனால்தான் அதற்கு ஜெல் தேவைப்பட்டது. குழம்பில் போடும் மஞ்சளைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை, தாராளமாகப் போடட்டும். மாத்திரையாகவும் சத்தாகவும் அதிக அளவில் எடுப்பது மட்டும் கீமோ முடியும்வரை வேண்டாம். மார்பகப் புற்றுநோய் எலிகளிடம் குர்குமின் சேர்த்த தீனி சைக்ளோபாஸ்ஃபமைடின் வேலையைக் குறைத்ததாக 2002-ல் ஓர் ஆய்வு வந்தது. ஆத்தாவுக்கு ஏற்றும் அதே மருந்து.

சரி, ஆத்தாவின் வாந்திக்கு வருவோம். அவர்கள் "போதும்டா" என்று சொல்வதற்குக் காரணம் நோய் பயம் குறைந்துவிட்டது என்பதில்லை, இந்த நான்கு நாள் அவஸ்தைதான். அதைச் சரிசெய்தால் மனசும் மாறும். இந்த இரண்டு மருந்தும் சேர்ந்தால் வாந்தி மிக அதிகம் என்பது எல்லா டாக்டருக்கும் தெரிந்தது, அதற்கு நான்கு மருந்தைச் சேர்த்துக் கொடுப்பதுதான் முறை. ஒண்டான்செட்ரான் வகை ஊசி, டெக்சாமெதசோன், அப்ரெபிடன்ட் மாத்திரை அல்லது அதன் ஊசி வடிவம், அப்புறம் இரவில் ஒலான்சபின். ஆத்தாவின் மருந்துச் சீட்டில் இந்த நாலும் இருக்கிறதா என்று பாருங்கள். ஒலான்சபின் மனநோய் மாத்திரை ஆயிற்றே என்று சிலர் வீட்டிலேயே எடுத்து வைத்துவிடுகிறார்கள். வாந்திக்கும் குமட்டலுக்கும் அது அருமையான மருந்து. 10 மில்லிகிராம் கொடுத்தால் பகலெல்லாம் தூங்கிவழிவார்கள். 2.5 மில்லிகிராமே போதும், தூக்கமும் குறைவு என்று மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை செய்த சோதனை 2024-ல் வெளியானது. உங்கள் டாக்டரிடம் இதைக் கேளுங்கள். வாந்தி வந்த பிறகு மாத்திரை போடுவது பிரயோஜனமில்லை, கீமோ ஏற்றுவதற்கு முன்பே தொடங்கி அடுத்த மூன்று நாளும் நேரத்துக்கு விழுங்க வேண்டும்.

சாப்பாட்டில், அந்த ஒரு வாரத்துக்கு மட்டும் மிளகாயும் எண்ணெயும் குறைத்த சமையல். நம் வீட்டுக் குழம்பின் வாசமே குமட்டும், அதனால் ஆறவைத்துக் கொடுக்கலாம். இட்லி, இடியாப்பம், மோர், அவித்த முட்டை, பருப்புச் சோறு, எது இறங்குகிறதோ அதைக் கொஞ்சம் கொஞ்சமாக, இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை. கடையில் நறுக்கி வைத்த பழமும் வெளிச் சாறும் வேண்டாம்.

அடுத்ததை வீட்டில் இருக்கும் எல்லோரும் தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஒவ்வொரு சுற்றுக்கும் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள்வரை வெள்ளணு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரி ஃபாரன்ஹீட்டைத் தொட்டால் பாரசிட்டமால் கொடுத்துக் காலைவரை பார்ப்போம் என்று இருக்கக் கூடாது. இரவு ஒரு மணி ஆனாலும் பக்கத்தில் இருக்கும் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய், "கீமோ எடுக்கிறவங்க, காய்ச்சல்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு தெர்மாமீட்டர் வாங்கி வைத்திருக்கிறீர்களா?

இதயத்துக்கு என்ன ஆகுமோ என்ற பயமும் உங்களுக்கு இருக்கலாம். டாக்சோரூபிசின் இதயத் தசையைப் பாதிக்கும் என்பது உண்மை. ஆனால் அது வாழ்நாளில் சேரும் மொத்த அளவைப் பொறுத்தது. உடல் பரப்பின் ஒரு சதுர மீட்டருக்கு 450 முதல் 550 மில்லிகிராம் வரை போனால்தான் ஆபத்து வேகமாகக் கூடுகிறது. ஆத்தாவுக்கு ஒரு சுற்றுக்கு 60 என்று வழக்கமான அளவில் கொடுத்தால் நான்கு சுற்றுக்கும் சேர்த்து 240தான் வரும். கீமோ தொடங்கும் முன் எக்கோ எடுத்தார்களா என்று ஃபைலில் பாருங்கள். எடுக்கவில்லை என்றால் மூன்றாவது சுற்றுக்கு முன் எடுத்துவிடச் சொல்லுங்கள்.

எப்போதாவது யாராவது "புது மருந்துச் சோதனையில் சேருங்கள்" என்று கேட்டால், அது இந்திய மருத்துவச் சோதனைப் பதிவேட்டில் பதிவானதா, எண் என்ன என்று முதலில் கேளுங்கள். 2009 ஜூனிலிருந்து பதிவு கட்டாயம், யார் வேண்டுமானாலும் இணையத்தில் பார்க்கலாம். நெறிமுறைக் குழுவின் அனுமதியும் தமிழில் எழுதிய ஒப்புதல் படிவமும் இருக்க வேண்டும். சோதனையால் ஏதாவது கெடுதல் வந்தால் சிகிச்சைச் செலவு அவர்களுடையது. மருந்துக்குக் காசு கேட்கிறவர் சோதனை நடத்துகிறவர் இல்லை.

கடைசியாகத் தங்கைக்கு. அவள் ஆசை நல்ல ஆசை, கட்டாயம் போகட்டும். இந்தத் துறைக்கு ஒற்றைப் படிப்பு போதாது. பெப்டைடைச் செய்யத் திண்மநிலைத் தொகுப்பு முறை தெரிய வேண்டும். ராபர்ட் புரூஸ் மெரிஃபீல்டு 1963-ல் கொடுத்து, 1984-ல் நோபல் பரிசு வாங்கிய முறை அது. ஜெல் எவ்வளவு இறுக்கம், ஊசியில் எப்படி இளகுகிறது, எவ்வளவு வேகத்தில் மறுபடி இறுகுகிறது என்பதை அளக்கும் ரியாலஜி தெரிய வேண்டும். மருந்து நாளுக்கு நாள் எவ்வளவு வெளிவருகிறது என்று பார்க்க எச்.பி.எல்.சி. கருவியில் கை பழக வேண்டும். பயோடெக்னாலஜி மாணவிகள் செல் வளர்ப்பில் தேர்ந்துவிட்டு வேதியியலைக் கண்டு ஒதுங்குவதைப் பார்க்கிறேன். இங்கே அது முடியாது. அவள் பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்திலேயே மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அழகப்பச் செட்டியார் 300 ஏக்கர் நிலமும் 15 லட்சம் ரூபாயும் கொடுத்து 1953-ல் திறக்கப்பட்ட இடம். அவர்களுடைய முதன்மை வேலை மின்கலமும் அரிமானமும்தான் என்றாலும், பொருள்களின் மேற்பரப்பையும் நுண்ணமைப்பையும் பார்க்கும் கருவிகளில் பழக அங்கே குறுகிய காலத் திட்டப்பணி கிடைக்குமா என்று அவள் துறைத்தலைவர் மூலம் கேட்டுப் பார்க்கட்டும்.

ஆராய்ச்சித் தலைப்பு தேடும்போது அவள் வாய்ப் புற்றுநோயை யோசித்தால் எனக்கு மிகவும் சந்தோஷம். கட்டி கண்ணுக்குத் தெரியும், ஊசிக்கு எட்டும், அறுத்த இடத்திலேயே திரும்பி வருவதும் அதிகம். ஜெல் செய்ய நினைக்கும் யாருக்கும் இதைவிடப் பொருத்தமான நோய் கிடைப்பது கஷ்டம். நம் தென்மாவட்டங்களில் நோயாளிகளுக்கும் குறைவில்லை. எச்சில் எந்நேரமும் ஊறுகிற, மெல்லும்போது அசைகிற இடத்தில் ஜெல் எத்தனை நாள் தாங்கும் என்பது ஒரு பிஎச்.டி.க்குப் போதுமான கேள்வி.

ஆத்தாவின் மருந்துச் சீட்டு, எக்கோ அறிக்கை, ஆபரேஷனில் எடுத்த கட்டியின் பயாப்சி அறிக்கை மூன்றையும் படம் எடுத்து அனுப்புங்கள். பயாப்சியில் ஹார்மோன் ஏற்பி, ஹெர்2 என்று இரண்டு வரி இருக்கும், அது தெளிவாகத் தெரியட்டும். கீமோவுக்குப் பிறகு ஆத்தாவுக்கு மாத்திரை தேவையா, வேறு ஊசி தேவையா என்பது அந்த இரண்டு வரியில்தான் இருக்கிறது.